அச்சை மாற்றியதால் ஓடிய தேர்

திருவாரூர் ஆழித்தேரைப் பற்றிப் பேச்செடுத்தால் உயரமும் எடையும்தான் முதலில் வந்து நிற்கும். அலங்காரம் முடிந்த தேர் 96 அடி, எடை ஏறத்தாழ 300 டன் என்று ஊரில் குழந்தைகூடச் சொல்லும். அடுத்ததாகச் சிற்பங்களைச் சொல்வார்கள், தேர்ச்சீலைகளைச் சொல்வார்கள், முன்னே பாய்ந்து நிற்கும் குதிரைகளைச் சொல்வார்கள். இத்தனையையும் சுமந்துகொண்டு கீழே இருட்டில் கிடக்கும் அச்சைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆனால் காவிரிப் படுகையின் தேர் வரலாற்றை அச்சிலிருந்து தொடங்கிப் படித்தால் நாம் வழக்கமாகக் கேட்கும் கதை மாறிவிடுகிறது. பக்தி குறைந்ததால் தேர் நின்றது, பக்தி பெருகியதால் மீண்டும் ஓடியது என்ற விளக்கம் போதாது என்று தெரிகிறது. தேய்ந்த அச்சை மாற்றும் வழியும், அந்த அச்சு கேட்ட ஆள்பலமும் இருந்த காலத்தில் தேர் ஓடியது. இவை இரண்டும் இல்லாதபோது நிலையிலேயே நின்றது. 1970இல் வந்த இரும்பு அச்சு மரபை முறித்துவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. தேரோட்டத்தின் மிகப் பழைய வழக்கத்தைத்தான் அது தொடர்ந்தது என்பதும், அதோடு ஒரு பழைய அநீதிக்கான தேவையையும் இல்லாமல் ஆக்கியது என்பதும் என் வாதம்.

அச்சு தேயும், முறியும், மாற்ற வேண்டிவரும் என்பது தமிழர்களுக்கு ஈராயிரம் ஆண்டாகத் தெரிந்த சங்கதி. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகளோ இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் பாரமோ அதிகம். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள் இன்னொரு அச்சை வண்டியின் அடியில் கட்டியே எடுத்துச் செல்கிறார்கள். இளவரசனைப் புகழ அந்தச் சேம அச்சைவிடப் பொருத்தமான பொருள் ஔவைக்குக் கிடைக்கவில்லை. வள்ளுவரும் இரண்டு இடத்தில் அச்சுக்கு வருகிறார். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரம். பெரிய தேர் உருள்வதற்குச் சிறிய ஆணிதான் காவல் என்பது வினைத்திட்பம். மாற்று அச்சைக் கையோடு கொண்டுபோன உமணர், தன் வண்டியில் முதலில் ஏற்றிய அச்சே கடைசிவரை இருக்க வேண்டும் என்று நினைத்தவர் அல்லர். உப்பு உள்நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே கணக்கு. அச்சு அதற்கான கருவி. கோயில் தேருக்கும் அதே கணக்கைத்தான் இங்கே வைத்திருந்தார்கள்.

மர அச்சு எப்படித் தேயும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தேரிலும் கட்டைவண்டியிலும் அச்சு சுற்றுவதில்லை. சக்கரம்தான் அச்சைச் சுற்றி வருகிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேயும். அச்சுக்கு அந்த வசதி இல்லை. பாரம் முழுவதும் எந்த இடத்தில் குடத்தின்மேல் அழுந்துகிறதோ, அந்த அடிப்பக்கம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். உருண்டையாக இருந்த அச்சின் அடி தட்டையாகிறது. குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. சக்கரம் தலையைச் சாய்க்கத் தொடங்குகிறது. சாய்ந்த சக்கரம் குடத்தின் ஒரு விளிம்பில் மட்டும் உரசுகிறது. அந்த உரசல் கடையாணியைத் தள்ளுகிறது. இதெல்லாம் பத்தடி உயரத்துப் பாரவண்டியில் நடந்தால் வண்டிக்காரர் விளக்கெண்ணெயும் கரியும் கலந்த மையைப் பூசிக் கொஞ்ச நாள் சமாளிப்பார். தேரில் அப்படி முடியாது. உயரம் கூடக்கூட ஆட்டம் கூடும், ஆட்டம் கூடினால் பாரம் ஒரு பக்க அச்சுக்கே மாறிமாறி விழும். மேலே உயர்த்தியதன் விலையைக் கீழே இருப்பது கொடுக்கிறது.

தேரின் அச்சுக்கு இன்னொரு கேடு உண்டு. வண்டி தினமும் ஓடும்; தேர் ஆண்டுக்கு ஒருநாளோ சில நாட்களோதான் ஓடும். மீதி நாளெல்லாம் தேர்முட்டியில் நிற்கிறது. அத்தனை டன்னும் அச்சின் அதே இடத்தில், சக்கரத்தின் அதே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வீதித் தண்ணீர் சக்கரத்தின் அடியில் தேங்குகிறது. ஊறிய மரம் உப்புகிறது. சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கிறது. படுகை மண்ணில் கரையானுக்குப் பஞ்சமில்லை. இலுப்பை மரம் இதற்கெல்லாம் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பதால்தான் தேர் வேலைக்கு அதைத் தேடினார்கள். அதுவும் என்றைக்கும் தாங்காது. ஓடித் தேய்ந்த அச்சைவிட நின்றே கெட்ட அச்சுகள்தான் இந்த நாட்டில் அதிகம் இருந்திருக்கும். ஒரு வருஷம் ஓட்டாமல் விட்டால் மறு வருஷம் ஓட்டுவது கடினம், பத்து வருஷம் விட்டால் ஏறக்குறைய முடியாது என்ற நிலைக்கு இதுவே காரணம்.

பூரியில் இந்தச் சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டிருக்கிறார்கள். அங்கே ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் ஆண்டுதோறும் புதுத் தேர் கட்டப்படுகிறது; பதினாறு, பதினான்கு, பன்னிரண்டு சக்கரங்கள். மரம் கெடுவதற்கு முன்பே தேரைக் கலைத்துவிடுவதால் தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் ஊரில் தேரின் அடிப்பகுதி முழுதும் சிற்பம். பார்கள் எனப்படும் மர அடுக்குகளில் வரிசை வரிசையாகச் செதுக்கிய புராணக் காட்சிகளை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய முடியாது. அதனால் சிற்பம் தாங்கிய உடலைத் தலைமுறைகளுக்கு வைத்துக்கொண்டு, அடியில் தேய்கிற அச்சையும் சக்கரத்தையும் மட்டும் மாற்றுவது என்று இங்கே முடிவாயிற்று. உடலும் நிரந்தரம் அல்ல. அப்பர் ஏழாம் நூற்றாண்டில் ஆரூரின் ஆழித்தேரைப் பாடியிருக்கிறார். அவர் பார்த்த தேரின் ஒரு துண்டு மரம்கூட இன்று ஓடும் தேரில் இல்லை. 1920களில் பழைய ஆழித்தேர் தீயில் எரிந்துபோனது. புதுத் தேர் கட்டி 1930இல் ஓட்டினார்கள். அதை வேறு தேர் என்று யாரும் சொல்லவில்லை, ஆழித்தேர் என்றே வடம் பிடித்தார்கள். என்றும் மாறாமல் நிற்கும் தேர் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அதைக் கல்லில் செய்யத் தெரிந்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த தாராசுரம் கோயிலின் முன்மண்டபத்தில் சக்கரமும் குதிரையும் பூட்டிய கல்தேர் நிற்கிறது. வீதியில் ஓட வேண்டிய தேருக்கு அவர்கள் மரத்தைத் தேர்ந்தெடுத்தபோதே, அது மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி, மர அச்சு கேட்ட விலைக்கு வருவோம். சக்கரத்தை உருட்ட எவ்வளவு இழுவை தேவை என்பதில் அச்சின் தடிமனுக்குப் பெரிய பங்கு உண்டு. அச்சு தடிமனாக ஆக, உராய்வு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வலிமையும் ஏறும். பெரும்பாரத்தைத் தாங்க மர அச்சு தடியாகத்தான் இருந்தாக வேண்டும். ஒன்றிரண்டு அச்சும் போதாது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு முன்பு ஒன்பது மரச்சக்கரங்கள் இருந்தன. சக்கரம் பெருகினால் நேர் வீதியில் பாரம் பங்கிடப்படும், ஆனால் மூலை திரும்பும்போது ஒவ்வொரு சக்கரமும் மண்ணைப் பக்கவாட்டில் உழுதுகொண்டு போகும். இந்த இழுவைக்கெல்லாம் ஈடு ஒன்றுதான்: ஆள். தஞ்சை மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களில் பெரிய கோயில் தேர்களை இழுக்க வெளி வட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை வரவழைத்த கணக்கு இருக்கிறது. அந்த ஆயிரங்கள் எல்லாரும் தாமாக வந்தவர்கள் அல்லர். அரண்மனை உத்தரவு ஊர்த் தலைவர்களுக்குப் போனது. ஊர்த் தலைவர்கள் ஆட்களை அனுப்பினார்கள்.

கம்பெனி ஆட்சியும் இதையே தொடர்ந்தது. 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் மதராஸ் மாகாணக் கோயில்களின் சொத்தை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. கோயிலைக் கவனிக்கும் அரசு தேரையும் ஓட்ட வேண்டியதாயிற்று. கலெக்டர் கச்சேரியிலிருந்து ஆட்களுக்கு உத்தரவு போயிற்று. கோயில் காரியங்களில் அரசு இப்படி ஈடுபடுவதை எதிர்த்து 1836இல் மதராசில் பாதிரிமார்களும் அதிகாரிகள் பலரும் சேர்ந்து அரசுக்கு முறையீடு கொடுத்தார்கள். மதராஸ் படையின் தலைவர் பெரெகிரின் மெயிட்லண்ட் இந்த விவகாரத்திலேயே 1838இல் பதவி விலகினார். அந்த விவாதம் முழுவதிலும் திரும்பத் திரும்ப எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, தேர் இழுக்க ஏழைக் குடியானவர்களைக் கட்டாயமாகப் பிடித்துவருகிறார்கள் என்பது. முறையிட்டவர்களின் மத நோக்கம் தெளிவானதுதான். அதற்காக அவர்கள் சொன்ன செய்தி பொய்யாகிவிடாது. 1840களில் அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து விலகத் தொடங்கியது. உத்தரவு போட்டு ஆள் திரட்டிய கை பின்வாங்கியது. அதன் இடத்தில் நிலம் வைத்திருந்தவரின் கை வந்தது. மிராசுதார் சொல்லுக்குப் பண்ணையாள் கட்டுப்பட்டிருந்த ஊர்களில், வடம் பிடிக்கும் வேலையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே இருந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1948ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டோடு ஆழித்தேர் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலையை விட்டு அசையவில்லை. அதே காலத்தில் படுகையில் என்ன நடந்தது? 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் எழுந்தது. சங்கத்தைக் கட்ட பி. சீனிவாசராவ் ஊர் ஊராகப் போனார். மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஒப்பந்தம் வந்தது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்துவந்த சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. ஒரு சொல்லில் ஆயிரம் பேரை வடத்தில் நிறுத்தக்கூடிய அதிகாரம் இந்தப் பத்தாண்டுக்குள் உடைந்தது. தேர் நின்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய அச்சில், பழைய வீதியில், கட்டளையில்லாத புதுக் காலத்தில் அந்தத் தேரை ஓட்டியிருக்க முடியாது என்பது உறுதி. கட்டாயத்தை மீண்டும் கொண்டுவருவது, தேரைக் கைவிடுவது, குறைந்த ஆட்களுக்கு அசையும்படி அச்சை மாற்றுவது என்று மூன்று வழிதான் இருந்தது.

மூன்றாவது வழியை எடுத்தார்கள். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, வடபாதிமங்கலம் வி. எஸ். தியாகராஜ முதலியாரின் முயற்சியும் சேர்ந்து, 1970இல் தேர் மீண்டும் வீதிக்கு வந்தது. இரும்பு அச்சையும் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். திருவெறும்பூரில் 1965இல் ஓடத் தொடங்கிய அந்த ஆலையின் வேலை அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்வது. கனத்த எஃகுத் தகட்டை வளைப்பதும் ஒட்டுவதும் கடைவதும் அங்கே அன்றாடம். அதற்குப் பக்கத்திலேயே பொன்மலை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1928இல் அங்கேதான் இடம் மாறியது. ரயில் பெட்டிக்குச் சக்கரமும் அச்சும் பூட்டிய கைகள் இரண்டு தலைமுறையாக அந்த வட்டாரத்தில் இருந்தன. காவிரிக்கரைத் தச்சரும் கொல்லரும் தங்கள் பட்டறையில் செய்த வேலை ஆற்றின் மேற்பக்கம் இருந்த பெரிய பட்டறைக்குப் போயிற்று. படுகைக்கு வெளியே இருந்து வந்த வேலை அல்ல அது. எஃகு அச்சு மர அச்சைவிட ஒல்லியாக இருந்தே அதே பாரத்தைத் தாங்கும். ஒல்லியான அச்சில் உராய்வின் பிடி குறையும். இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் போதும். மூலையில் உழுகிற சக்கரங்கள் குறையும். பிறகு தமிழ்நாடு முழுவதும் பல கோயில்கள் திருவெறும்பூருக்குப் போய் அச்சு கேட்டன. ஒன்பது சக்கரத்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரும் நான்கு இரும்புச் சக்கரத்துக்கு மாறியது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது சமயப் பற்றிலிருந்து வருவது. தேர் என்பது நடமாடும் கோயில், அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தெய்வம் உண்டு, மரத்துக்குச் சொன்ன விதியை இரும்புக்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இரும்பு 1970இல்தான் தேருக்குள் நுழைந்தது என்பது சரியல்ல. கடையாணியும் பூண்களும் பட்டையும் ஆணிகளும் கொல்லர் அடித்த இரும்பாகவே நெடுங்காலம் இருந்தன. ஸ்தபதிகள் இரும்பை விலக்கவில்லை. எந்த இடத்தில் மரம் தாங்காதோ அந்த இடத்தில் வைத்தார்கள். மரம் தாங்காத இடங்களின் பட்டியலில் அச்சும் சேர்ந்தது, அவ்வளவே. தெய்வம் எழுந்தருளும் பீடமும் சிற்பம் தாங்கும் பார்களும் இன்றும் மரம்தான், இன்றும் ஸ்தபதியின் உளிதான். தேரை நிலையிலேயே உளுக்கவிடுவதற்கு எந்த ஆகமமும் இடம் கொடுப்பதாக நான் எண்ணவில்லை.

இரண்டாவது மறுப்பு கைத்திறனைப் பற்றியது. பின்னால் புல்டோசர் நின்று தள்ளுகிறது, பிரேக் பிடிக்கிறது, மனிதனுக்கு என்ன வேலை என்கிறார்கள். திருவாரூர் வீதியின் மூலையில் நின்று பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு திரும்பாது. புளியங்கட்டையில் செதுக்கிய முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கொடுக்கிறார்கள் என்பதே தேரின் திசை. ஒரு பக்கச் சக்கரம் கட்டையில் ஏறித் தயங்கும்போது மறுபக்கம் முந்துகிறது. தேர் முகம் திருப்புகிறது. மூலையில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, அதன்மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். நகரும் சக்கரத்தின் முன்னால் குனிந்து கட்டை போடுகிறவருக்கு விரற்கடை அளவுதான் பிழைக்கு இடம். இந்த வேலை மர அச்சுக் காலத்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இரும்பு அச்சு வந்ததால் போனது வேறொன்று: நாட்கணக்கில் வீதியில் சிக்கிக் கிடக்கும் தேரை நகர்த்த வெளியூர் ஆட்களைப் பிடித்துவர வேண்டிய கட்டாயம். இன்று ஆழித்தேர் காலையில் புறப்பட்டு அன்றே நிலைக்கு வருகிறது. வடத்தைப் பிடிப்பவர் விரும்பிப் பிடிக்கிறார், கை வலித்தால் விட்டுவிடுகிறார். ஆண்களோடு பெண்களும் பிடிக்கிறார்கள்.

வீதியும் மாறிற்றே, தார்ச்சாலைக்கும் இதில் பங்கில்லையா என்று கேட்டால், உண்டு. மண் வீதியில் இரும்புச் சக்கரம் மரச்சக்கரத்தைவிட ஆழமாகப் புதைந்திருக்கும். ஆனால் தார்ச்சாலை மட்டும் போட்டுவிட்டு உளுத்த அச்சை அப்படியே விட்டிருந்தால் தேர் முதல் மூலையைத் தாண்டியிருக்காது.

எனக்கே உறுத்தும் மறுப்பு வேறு. எளிதாக ஓடும் தேர், கவனம் குறைந்த தேராகவும் ஆகிவிடலாம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாவின் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அது அச்சால் வந்த விபத்து அல்ல. ஆனாலும் தேரைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போகக் கூடாது. உயர்த்திக் கட்டிய எந்த வாகனமும் கீழேயும் மேலேயும் ஒருசேரப் பார்க்கப்பட வேண்டும்: அச்சு, பிரேக், வீதியின் சாய்வு, கம்பியின் உயரம், அன்றைக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்பது. பெரிய கோயில் தேர்களுக்கு இப்போது பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் சான்று கொடுக்கிறார்கள். சின்ன ஊர்களின் சின்னத் தேர்களுக்கும், சப்பரங்களுக்கும் அதே பரிசோதனை கட்டாயமாக வேண்டும். அச்சை மாற்றத் தெரிந்த சமூகத்துக்கு இதைச் செய்வது பெரிய காரியம் அல்ல.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேரில்லாமல் இருந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 2015இல் புதுத் தேர் செய்து, ராஜ வீதிகளில் இழுத்தார்கள். ஆழித்தேரும் 2010களில் மறுபடி பிரிக்கப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, 2016இல் ஓடியது. இப்படி ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கழற்றிய பழைய மரச்சக்கரமும் அச்சும் எங்கே போகின்றன? படுகையின் பல ஊர்களில் தேர்முட்டிக்குப் பக்கத்தில், மதிலை ஒட்டி, மழையில் கிடந்து கரையான் தின்கிறது. சிற்பத்துக்கு அருங்காட்சியகம் உண்டு, தேர்ச்சீலைக்கும் உண்டு. அச்சுக்கு இல்லை. அந்தத் தட்டையான அடிப்பக்கத் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்தால், எத்தனை ஆட்கள் எத்தனை காலம் இழுத்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறில்லை. அறநிலையத் துறையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கழற்றிய மர அச்சுகளில் ஊருக்கு ஒன்றையாவது கூரைக்குள் கொண்டுவந்து, என்ன மரம், எந்த ஆண்டில் போட்டது, எந்த ஆண்டில் கழற்றியது என்று எழுதி வைக்க வேண்டும். புதிதாகப் போடும் இரும்பு அச்சுக்கும் அப்படியொரு பதிவேடு இன்றே தொடங்கட்டும். அதுவும் ஒருநாள் மாற்றப்படும்.